பதினோரு மணி: ஒரு கடிதமும் பதிலும்

அன்புள்ள அம்மா,

உங்கள் எழுத்தை நாலைந்து வருடமாகப் படிக்கிறேன். கடிதம் எழுதுவது இதுதான் முதல் தடவை. வரும் மே 31ஆம் தேதி பணி ஓய்வு பெறுகிறேன். 36 வருட சர்வீஸ். ஆபீஸில் எல்லாரும் கொடுத்து வைத்தவள் என்கிறார்கள், எனக்கோ வயிற்றைக் கலக்குகிறது. மகள் யோகா, கீபோர்டு, மாடித் தோட்டம் என்று ஒரு பட்டியலே போட்டு ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிவிட்டாள். மாமியார், 'இனிமேலாவது சாம்பாரில் ருசி இருக்கும்' என்கிறார்.

நீங்கள் ரிடையர் ஆன பிறகு எழுதியதையெல்லாம் தேடிப் படித்தேன். வடாம், மாவடு, காக்கா, பானைத் தண்ணீர். படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. கோபித்துக்கொள்ளாதீர்கள், ஒன்று கேட்க வேண்டும். இது நிஜமாகவே போதுமாக இருக்கிறதா, இல்லை எழுதுவதற்காக அப்படிச் சொல்கிறீர்களா? அதுவும் சென்னைக் கோடையில் ஒரு முழு நாளை வைத்துக்கொண்டு என்னதான் செய்கிறீர்கள்?

பி.கு: போன வருடம் நான் போட்ட வடாம் ஒரே உப்புக் கரிப்பு. வாயில் வைக்க முடியவில்லை. எங்கே தப்பு?

பெயர் போட வேண்டாம்.
வில்லிவாக்கம் வாசகி

*

அன்புள்ள வில்லிவாக்கம் வாசகிக்கு,

முதலில் அந்த 'அம்மா'வை எடுத்துவிடுங்கள். நான் ரிடையர் ஆகி ஆறு வருடம்தான் ஆகிறது, கணக்குப் போட்டால் உங்களுக்கு அக்கா முறைதான் வருகிறது. அக்கா என்றே எழுதுங்கள்.

கேட்டதற்கு நேராகவே பதில் சொல்லிவிடுகிறேன். போதாது. வடாமையும் மாவடுவையும் வைத்துக்கொண்டு ஒரு நாளை ஓட்ட முடியாது. முதல் மூன்று மாதம் நான் தவித்த தவிப்பு எனக்குத்தான் தெரியும். காலையில் எட்டு மணி ஆனதும் கால் தானாகச் செருப்பைத் தேடும். வண்டிக்கு நேரமாகிவிட்டது என்று உடம்பு பரபரக்கும், அதெல்லாம் முடிந்துபோயிற்று என்று மனசு சொல்லும், இரண்டுக்கும் நடுவில் நான் கையில் துடைப்பத்தோடு ஹாலில் நின்றுகொண்டிருப்பேன். இன்றைக்கும் மத்தியானம் மூன்றிலிருந்து நாலு வரைக்கும் உள்ள அந்த ஒரு மணி நேரத்துக்கு என்னிடம் மருந்து கிடையாது. தூக்கமும் வராது, படிக்கவும் பிடிக்காது, ஃபேன் சுற்றுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு படுத்திருப்பேன். அதைப் பற்றி நான் எழுதியதில்லை, எழுத அதில் ஒன்றும் இல்லை என்பதால். நீங்கள் மோப்பம் பிடித்திருப்பது அதைத்தான் என்று நினைக்கிறேன்.

ஆனால் பதினோரு மணி என்று ஒன்று இருக்கிறது. அதைப் பற்றி நான் எழுதியது எதுவும் பொய் இல்லை.

சைதாப்பேட்டையிலிருந்து பீச் ஸ்டேஷனுக்கு 34 வருடம் மின்சார ரயிலில் போய் வந்தவள் நான். மீட்டர் கேஜ் வண்டியில் ஆரம்பித்து, 2004இல் அது நின்றபிறகு அகலப்பாதை வண்டியில். மாம்பலம், கோடம்பாக்கம், நுங்கம்பாக்கம், சேத்துப்பட்டு, எழும்பூர், பூங்கா, கோட்டை என்று, கண்ணை மூடிக்கொண்டிருந்தாலும் எந்த ஸ்டேஷனில் வண்டி நிற்கிறது என்று ஏறுகிறவர்களின் சத்தத்திலேயே தெரியும். ஆபீஸ் துறைமுகத்துக்குப் பக்கத்தில். கடல் கூப்பிடு தூரம்தான். ஆனால் அங்கே இருந்த அத்தனை வருடத்தில் கடல்காற்று என் மேல் பட்டதாக ஞாபகமே இல்லை. கிழக்குப் பக்கத்து ஜன்னலையெல்லாம் மறைத்து இரும்பு பீரோக்களை வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். உள்ளே பழைய வவுச்சர் கட்டு. அதை யாரும் எடுத்துப் பார்த்து நான் பார்த்ததில்லை.

ஓய்வு பெற்ற பிறகு வந்த முதல் பங்குனியில், ஒரு செவ்வாய்க்கிழமை, பதினோரு மணி சுமாருக்குச் சமையலறையில் நின்றுகொண்டிருந்தேன். திடீரென்று ஒன்று உறைத்தது. இந்த வீட்டை வாங்கி 20 வருடத்துக்கு மேல் ஆகிறது, ஒரு செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்கு இது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமைப் பதினோரு மணி தெரியும், அது வேறு ஜாதி. ஒரு வாரத்துத் துணியும், கிரைண்டரும், டிவியும், யாராவது ஒரு உறவுக்காரரும் சேர்ந்து அதை ஒரு வழி பண்ணிவிடுவார்கள். செவ்வாய்க்கிழமைப் பதினோரு மணிக்குத் தெருவில் ஒரு சத்தம் கிடையாது. கீரைக்காரம்மா போய்விட்டாள், பழைய பேப்பர்காரர் போய்விட்டார், ஸ்கூல் ஆட்டோ வருவதற்கு இன்னும் நேரம் இருக்கிறது. சமையல் மேடை ஓரத்தில் ஒரு சாண் வெயில், அதுவும் ஜன்னலை நோக்கிப் பின்வாங்கிக்கொண்டிருந்தது. எதிர்ச் சுவரில் தொங்கிய தினசரி காலண்டர் படபடவென்று அடித்துக்கொண்டது. ஃபேன் ஓடவில்லை. என்னடா என்று பார்த்தால், கழுத்து வேர்வையில் சில்லென்று ஒன்று பட்டது.

கடல்காற்று.

அன்றைய தாளில் பென்சிலால் 11.20 என்று எழுதி வைத்தேன். மறுநாள் 11.40. அதற்கு மறுநாள் 11.05. கணக்குப் பிரிவில் இருந்தவள் கை சும்மா இருக்குமா? அன்றிலிருந்து இன்றுவரை, மார்ச் நடுவிலிருந்து ஜூன் வரைக்கும், காற்று எங்கள் வீட்டுக் காலண்டரைத் தொடுகிற நேரத்தை அன்றன்றைய தாளிலேயே குறித்து, கிழித்து, ரப்பர் பேண்ட் போட்டு வைக்கிறேன். எதற்கு என்று வீட்டுக்காரர் கேட்டார். அந்த பீரோக்களில் இருந்த வவுச்சர்களைவிட இது உபயோகம் என்றேன். அதற்கப்புறம் கேட்கவில்லை.

காலையில் வெயில் ஏற ஏறத் தரை சீக்கிரம் சூடாகிறது, கடல் மெல்லத்தான் சூடாகும். தரைமேல் உள்ள காற்று மேலே கிளம்ப, அந்த இடத்துக்குக் கடல் பக்கத்துக் காற்று உள்ளே வருகிறது. பள்ளிக்கூடத்தில் படித்ததுதான், பரீட்சைக்கு எழுதி மார்க்கும் வாங்கினேன். ஆனால் மேற்குக் காற்று பலமாக அடிக்கிற நாளில் அது கடல்காற்றைக் கரையிலேயே தடுத்து நிறுத்திவிடும், அன்றைக்குத்தான் சென்னை 40 டிகிரியைத் தாண்டும் என்பது இந்தத் தாள்களை அடுக்கிப் பார்த்தபிறகுதான் எனக்கு உறைத்தது. பதினோரு மணிக்கு வந்த நாளில் ஊர் பிழைத்தது. ஒன்றரை வரைக்கும் வராத நாளில் மறுநாள் பேப்பரில் கட்டாயம் படம் வரும், துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு ஸ்கூட்டரில் போகிற பெண்கள் படம்.

உங்கள் மே 31க்கு ஒரு பெருமை உண்டு தெரியுமா? 2003இல் அதே தேதியில்தான் நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவானது. அன்று சனிக்கிழமை, எங்களுக்கு லீவு. ஈரத் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு பிள்ளைகளோடு ஹால் தரையில் படுத்திருந்தது ஞாபகம் இருக்கிறது. கத்திரி முடிந்து மூன்று நாள் ஆகியிருந்தது. கத்திரி முடிந்தால் வெயில் தணியும் என்று பஞ்சாங்கத்தை நம்பியவர்களுக்கெல்லாம் அன்றைக்கு நல்ல பாடம். அதனால் நீங்கள் ஓய்வு பெற்ற கையோடு வீட்டுக்குள் ஒரு சொர்க்கம் காத்திருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். ஜூன் மாதச் சென்னை யாருக்கும் நல்லது செய்ததில்லை. உங்களுடைய முதல் பங்குனி அடுத்த வருடம்தான். அதுவரைக்கும் இமாம் பசந்தும் மல்கோவாவும் சாப்பிட்டுக்கொண்டு காத்திருங்கள்.

பானை பற்றிக் கேலியாகக் குறிப்பிட்டிருக்கிறீர்கள், கேலி இல்லை என்றாலும் எனக்கு அப்படித்தான் பட்டது. வருடா வருடம் மாசிக் கடைசியில் ஒரு மண்பானை வாங்குவேன். புதுப்பானையில் இரண்டு நாள் தண்ணீர் ஊற்றி ஊற்றிக் கொட்டினால்தான் அந்த மண்வாசனை குடிக்கிற அளவுக்கு வரும். தட்டில் மணல் பரப்பி, அதன்மேல் பானை, உள்ளே ஒரு பிடி வெட்டிவேர். இதெல்லாம் எல்லாரும் செய்வதுதான். நான் கண்டுபிடித்தது ஒன்று இருக்கிறது. கடல்காற்று நேரத்தோடு வந்த நாளில் பானைத் தண்ணீர் சுமார்தான். காற்று வராமல் ஊரே வெந்துபோன நாளில் அதே பானை, அதே இடம், தண்ணீர் பல் கூசுகிற மாதிரி இருக்கும். முதலில் தாகத்தில் அப்படித் தோன்றுகிறது என்று நினைத்தேன். அப்புறம் தாள்களைப் பார்த்தால் விஷயம் புரிந்தது. பானையின் மேற்பரப்பில் கசிகிற ஈரம் ஆவியாகிப் போனால்தான் உள்ளே குளிரும். கடல்காற்று ஈரத்தைச் சுமந்துகொண்டு வருகிறது, அதில் எதுவும் சீக்கிரம் காயாது, நம் ரவிக்கையே காய்வதில்லை. மேற்குக் காற்று வறண்டது, பானையை உறிஞ்சி எடுத்துவிடும். ஆக, மேலே காற்று கிடைத்தால் தொண்டைக்குக் குளிர்ச்சி கிடையாது, தொண்டைக்குக் கிடைத்தால் மேலுக்குக் கிடையாது. ஃப்ரிட்ஜுக்கு இந்த நியாயமெல்லாம் தெரியாது.

இன்னொன்று சொல்கிறேன், இதற்கு நீங்கள் ரிடையர் ஆகக் காத்திருக்க வேண்டாம். ஏப்ரல் 24 வாக்கில், மத்தியானம் 12 மணி 7 நிமிடத்துக்கு, சென்னையில் சூரியன் நேர் உச்சந்தலைக்கு வரும். நிமிர்ந்து நிற்கிற எதற்கும் நிழல் பக்கவாட்டில் விழாது. ஆகஸ்ட் 18 வாக்கிலும் இதே மாதிரி உண்டு, அப்போது மேகம் மறைத்தாலும் மறைக்கும். மூன்று வருடம் முன்பு மொட்டைமாடியில் துணி எடுக்கப் போனபோது தற்செயலாகத்தான் பார்த்தேன். கொடிக்கம்பத்தின் நிழலைக் காணோம். கம்பம் இருக்கிறது, வெயில் பொசுக்குகிறது, நிழல் இல்லை. என் காலடியில் புடவை வட்டத்துக்குள் கொஞ்சம் கறுப்பு, அவ்வளவுதான். ஒரு நிமிடம் பயந்தே போனேன் என்றால் சிரிப்பீர்கள். உங்கள் ஆபீஸ் வாசலில் ஒரு தண்ணீர் பாட்டிலை நிமிர்த்தி வைத்துவிட்டுப் பாருங்கள். செக்யூரிட்டி ஏதாவது கேட்டால் என் பெயரைச் சொல்லுங்கள்.

மாமியார் விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் உங்கள் கடிதத்தில் நிஜமான ஆபத்து அந்த ஒரு வரியில்தான் இருக்கிறது. மகள் ஒட்டிய பட்டியல் ஒன்றும் செய்யாது, ஜூலைக்குள் பசை விட்டுத் தானே விழும். நானும் ஒரு பாட்டு வகுப்பில் சேர்ந்து இரண்டு மாதத்தில் நின்றவள்தான். ஆனால் ஜூன் 1ஆம் தேதியிலிருந்து பத்து நாள், வீட்டில் நீங்கள் எதைச் செய்கிறீர்களோ அது சட்டமாகிவிடும். ஆபீஸில் உங்களுக்குத் தெரியாததா? ஒரு தடவை பாஸ் பண்ணின பில்லை அடுத்த தடவை நிறுத்த முடியாது, ஏற்கெனவே அனுமதிக்கப்பட்டது என்று மேற்கோள் காட்டுவார்கள். பதினோரு மணிக்கு ஒரு காபி, வெங்காய பஜ்ஜி, இதோ ஒரு தோசை என்று முதல் வாரம் ஆசையாகச் செய்து போட்டீர்களானால் தீர்ந்தது.

எங்கள் வீட்டுக்காரர் எனக்கு நாலு வருடம் முன்பே ஓய்வு பெற்றவர். நல்ல மனிதர், ஆனால் பதினோரு மணிக்கு 'காபி இருக்கா?' என்பார். இருக்கா என்றால் போடு என்று அர்த்தம். ஒரு மாதம் போட்டேன். அந்தக் காலண்டர் செவ்வாய்க்கிழமைக்கு மறுநாள் சொன்னேன், 'பதினோரு மணியிலிருந்து பன்னிரண்டு மணி வரைக்கும் நான் வீட்டில் இல்லை.' எங்கே போகிறாய் என்றார். எங்கேயும் இல்லை, சமையலறை ஜன்னலோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பேன், ஆனால் வீட்டில் இல்லை என்றேன். இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். மூன்றாம் நாள் தானே பால் காய்ச்சினார், பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது, நான் திரும்பவே இல்லை. இப்போது அந்த நேரத்தில் லேண்ட்லைனில் யாராவது கூப்பிட்டால், 'அவ வெளியே போயிருக்கா, பன்னிரண்டு மணிக்கு வருவா' என்கிறார், நான் ஆறடி தள்ளி உட்கார்ந்திருக்கும்போதே. போன வாரம் எங்கள் நாத்தனார் 'இந்த வெயில்ல தினமும் எங்கே போறா?' என்று கவலைப்பட்டாராம்.

அந்த ஒரு மணி நேரத்தில் என்ன செய்கிறேன் என்று கேட்டால் பட்டியல் கிடையாது. ஜன்னலுக்கு வெளியே ஒரு வேப்பமரம், எதிர்வீட்டுக்காரர்களுடையது. சித்திரைப் பிறப்புக்கு முன்னால் பூத்துக் கொட்டும், கீழே பழைய புடவையை விரித்து வைத்துவிட்டு வந்தால் பச்சடிக்கும் ஆகும், வருடம் முழுக்க ரசத்துக்கும் ஆகும். அதில் இந்த வருடம் காக்கா கூடு கட்டியிருக்கிறது. பக்கத்து மாடியிலிருந்து துணி மாட்டுகிற கம்பி ஹேங்கர் ஒன்றைக் கொண்டுவந்து, அதைக் கூட்டுக்குள் நுழைக்க அரை நாள் பட்ட பாடு இருக்கிறதே, குறுக்கே வைக்கும், விழும், கீழே போய் எடுக்கும், திரும்பக் குறுக்கேயே வைக்கும். எங்கள் ஆபீஸில் இதே மாதிரி ஒரு சூப்பிரண்டெண்ட் இருந்தார். பக்கத்துக் கிளையில் ஒரு குயில் ஜோடி. கூவுகிற கறுப்பு ஆண் காக்கையின் கண்ணில் படுகிற மாதிரி வந்து உட்காரும், காக்கா துரத்திக்கொண்டு போகும், உடம்பெல்லாம் புள்ளி போட்ட பெண் குயில் இலை மறைவில் சத்தமில்லாமல் இருக்கும். காக்கா கூட்டில் குயில் முட்டை என்று ஊருக்கே தெரியும், காக்காவுக்கு மட்டும் தெரியாது. எனக்குக் காக்காவிடம்தான் பரிவு. வடாம் திருடுகிறது என்றாலும்.

ஒன்று மட்டும் நடுவில் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் நான் ஏதோ நந்தவனத்தில் இருப்பதாக நினைப்பீர்கள். இந்த ஊரில் கோடை சுகமாக இருப்பதும் இல்லாததும் தொட்டியில் தண்ணீர் இருப்பதைப் பொறுத்தது. 2019இல் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கும் வற்றி, அந்த ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்து இறங்கியது உங்கள் வில்லிவாக்கத்தில்தானே? 50 வேகன், 25 லட்சம் லிட்டர். அந்தக் கோடையில் நான் எந்தக் காற்றையும் குறித்திருக்க மாட்டேன். குடத்தை வைத்துக்கொண்டு லாரிக்கு நிற்கிறவளுக்குப் பதினோரு மணி என்பது வேறு.

பென்ஷன் பேப்பர், கிராஜுவிட்டி, கம்யூட்டேஷன் பற்றிச் சொல்ல உங்களுக்கு நூறு பேர் இருப்பார்கள், அதை விட்டுவிடுகிறேன்.

மாவடுவுக்கு இந்த வருடம் நேரம் தாண்டிவிட்டது. வடாமுக்கு இன்னும் இருக்கிறது, உங்களுக்கு ஞாயிற்றுக்கிழமைகள் பாக்கி இருப்பதால் இதைச் சொல்கிறேன். உப்பில் நீங்கள் செய்த தப்பு, எல்லாரும் முதல் வருடம் செய்கிற தப்புதான். கூழை வாயில் போட்டுப் பார்த்து, நாக்குக்குச் சரியாக இருக்கிற அளவுக்கு உப்புப் போட்டிருப்பீர்கள். கூழில் முக்கால்வாசி தண்ணீர். வெயில் தண்ணீரைத்தான் கொண்டுபோகும், உப்பு அங்கேயேதான் இருக்கும். கூழாக ருசி பார்க்கும்போது 'ஐயோ, உப்பு பத்தலையே' என்று இருந்தால்தான் பொரிக்கும்போது சரியாக வரும். பச்சை மிளகாய்க்கும் இதே கணக்கு.

நான் பச்சரிசி மாவு நாலு டம்ளருக்கு ஜவ்வரிசி ஒரு டம்ளர் போடுகிறேன். ஜவ்வரிசியை முதல் நாளே ஊற வைத்து, அது கண்ணாடி மாதிரி வெந்தபிறகுதான் மாவைக் கரைத்து ஊற்ற வேண்டும். கிளறிக்கொண்டே இருங்கள், கையை நனைத்துக்கொண்டு தொட்டால் ஒட்டக்கூடாது, அதுதான் பதம். எலுமிச்சம்பழத்தைக் கூழ் ஆறியபிறகு பிழியுங்கள், வெளுப்பாக வரும். ஆறு மணிக்கெல்லாம் மாடிக்குப் போய்விட வேண்டும், சித்திரையில் எட்டு மணிக்கு மேல் அந்தத் தரையில் கால் வைக்க முடியாது. பழைய வேட்டியில் பிழிந்தால் மறுநாள் துணியின் பின்பக்கம் தண்ணீர் தெளித்து எடுக்க வேண்டும், பிளாஸ்டிக் ஷீட் என்றால் காய்ந்ததும் தானே விட்டுவிடும், எனக்கு வேட்டியில் பிழிந்ததுதான் பிடிக்கும், காரணம் கிடையாது. காக்காவுக்குக் கறுப்புக் குடை விரித்து வையுங்கள். ஒரு நாள் பயப்படும்.

முதல் நாள் சாயங்காலம், மேலே காய்ந்தும் உள்ளே ஈரமாகவும் இருக்கும் பாருங்கள், அதில் நாலைந்து எடுத்து மாடியிலேயே நின்று சாப்பிட்டுவிடுங்கள். கீழே கொண்டுவந்தால் பங்கு போட வேண்டியிருக்கும். மீதி நன்றாக மூன்று வெயில் காயட்டும்.

பொரித்துப் பார்த்துவிட்டு எழுதுங்கள். படமெல்லாம் அனுப்ப வேண்டாம். உப்பு சரியா என்று மட்டும் சொன்னால் போதும்.

அன்புடன்,
அக்கா
சைதாப்பேட்டை